₹ முதல் ரூ வரை: வெக்டரில் எழுத்து வரையக் கற்பது எப்படி?

2010 ஜூலை 15 அன்று டெல்லியில் கூடிய மத்திய அமைச்சரவை, ரூபாய்க்கான ₹ குறியீட்டுக்கு ஒப்புதல் தந்தது. 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்களில் இருந்து தேர்வான அதை வரைந்தவர் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த உதயகுமார் தர்மலிங்கம். ஐஐடி பாம்பேயில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு தமிழ் அச்செழுத்துகள் பற்றியது.

2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட் இலச்சினையில் ₹ இருந்த இடத்தில் 'ரூ' வந்தது, நாடு முழுக்க விவாதமானது. அரசியலை விடுங்க. எழுத்து வரையப் பழகுபவர்களுக்கு இந்த இரண்டுமே நல்ல பயிற்சி.

வெக்டர் என்றால் என்ன?

போட்டோவைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். வெக்டர் அப்படி உடையாது. காரணம், அதில் சேமிக்கப்படுவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைவுக் கணக்கும்தான். புள்ளிக்கு நோடு என்று பெயர். அதிலிருந்து நீளும் ஹேண்டில், வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு போக வேண்டும் என்று சொல்லும். 1960-களில் ரெனோ கார்களின் உடலமைப்பை வரைய பியர் பெஸியே பிரபலமாக்கிய முறை இது. இன்றைய ஃபான்ட்களும் இப்படித்தான் வரையப்படுகின்றன.

முதல் பயிற்சி: ₹

தேவநாகரி 'ர'வும் செங்குத்துக் கோடு இல்லாத ரோமன் 'ஆர்' எழுத்தும் சேர்ந்தது இது. இரண்டு கிடைக்கோடு, ஒரு வளைவு, ஒரு சாய்கோடு. அவ்வளவுதான்.

1. பேப்பரில் வரைந்து போட்டோ எடுங்கள். இங்க்ஸ்கேப் (இலவசம்) அல்லது இல்லஸ்ட்ரேட்டரில் அதை அடியில் வைத்து, மங்கலாக்கி, லாக் செய்யுங்கள்.

2. பென் டூலில், வளைவின் மேல், கீழ், வலது எல்லைகளில் மட்டும் நோடு வையுங்கள். ஹேண்டில்கள் நேர் கிடையாகவோ நேர் செங்குத்தாகவோ இருக்கட்டும்.

3. வளைவு நெளிந்தால் புதிய நோடு சேர்க்காதீர்கள். இருப்பதில் ஒன்றை நீக்கிப் பாருங்கள். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, நோடுகளை அள்ளிப் போடுவதுதான்.

அளவுகோலை முழுசா நம்பவும் கூடாது. ஒரே தடிமனில் வரைந்தாலும் கிடைக்கோடு செங்குத்துக் கோட்டைவிடத் தடிமனாகத் தெரியும். உருண்டை எழுத்து, ஒரே உயரத்தில் இருந்தாலும் சதுர எழுத்தைவிடச் சிறியதாகத் தெரியும். அதனால் உருண்டையைக் கோட்டுக்குச் சற்று வெளியே தள்ளி வரைவார்கள்.

இரண்டாவது பயிற்சி: ரூ

₹-க்கு யூனிகோடில் தனி எண் உண்டு. 2010 அக்டோபரிலேயே சேர்த்துவிட்டார்கள். 'ரூ'வுக்குத் தனி எண் இல்லை. கணினி அதை 'ர', 'ூ' என இரண்டாகத்தான் சேமிக்கிறது. திரையில் வரும் ஒற்றை வடிவத்தை ஃபான்ட் வடிவமைப்பாளர் தனியாக வரைந்திருக்க வேண்டும். கு, சு, து, மூ, ழூ என்று 18 மெய்களுக்கும் இப்படி இரண்டு வடிவம். மொத்தம் 36.

சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழைத் தட்டினால் எழுத்து உடைவதும் இதனால்தான். மென்பொருளின் அமைப்புகளில் இந்திய மொழிகளுக்கான வசதியை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எந்த வரிசையில் பழகலாம்?

முதலில் ட, ப, ம போன்ற நேர்கோட்டு எழுத்துகள். அடுத்து ல, வ. கடைசியாக இ, ஞ, ஐ. ஒவ்வொன்றும் முடிந்ததும் சிறிதாக்கிப் பாருங்கள். சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டால், மொபைல் திரையில் அந்த எழுத்தைப் படிக்க முடியாது.

முன்மாதிரிக்கு காட்டமரான், முக்த மலர் போன்ற திறந்த உரிம ஃபான்ட்களை ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து, நோடுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பார்த்துக் கற்கலாம், ஆனால் அடுத்தவர் எழுத்தை டிரேஸ் செய்து உங்களுடையது என்று கிளையண்டிடம் கொடுக்கக் கூடாது.