அரைப்பேரும் முழுப்பேரும்: திரையில் மலையகம்

தோட்டத்தில் 'பேர்' என்றால் அது வெறும் பெயர் இல்லை. ஒரு நாள் வேலை, அந்த நாளின் சம்பளம், செக்ரோலில் விழும் பதிவு, எல்லாம் சேர்ந்ததுதான் பேர். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைஞ்சா அரைப்பேர். காலையிலிருந்து மலையிலேயே நின்றிருந்தாலும் அரைப்பேர்தான். சினிமாவிலும் டிவியிலும் பாட்டு வீடியோக்களிலும் நம்ம மக்கள் வந்துபோன வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு இந்தச் சொல்தான் ஞாபகம் வருது.

'போன் வந்தாச்சு, இனி யாரும் யாரையும் நம்பி இருக்கத் தேவையில்லை' என்று நம்ம வயசுப் பிள்ளைகள் நிறையப் பேர் சொல்றாங்க. அது எவ்வளவு உண்மை? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

படப்பெட்டிக் காலம்

இலங்கையின் முதல் தமிழ்ப் படமாகச் சொல்லப்படுவது 1962இல் 16 மில்லிமீட்டரில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்'. அடுத்த வருஷமே பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' வந்தது. தியேட்டர்களுக்கு வழக்கமான 35 மில்லிமீட்டரில் இங்கே எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் அதுதான். அதன் கதைக்களம் தோட்டம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக ஆகியிருந்தார்கள். 'தோட்டக்காரி' வந்த மறுவருஷம், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கமும் பங்கு பிரித்தன. திரையில் கதை இருந்தது, ஆனால் அந்தக் கதைக்குரியவர்களுக்கு நாடு இல்லை.

1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்தார். அதன் எழுத்தில் தெளிவத்தை ஜோசப்பின் பங்கும் உண்டு. மலையகத்தை அறிந்தவர்களே மலையகக் கதையைச் சொன்ன படம் என்பதால் அது முக்கியமானது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பட இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் உள்ளூர்த் தமிழ்ப் படங்களுக்குக் கொஞ்சம் இடமும் கிடைத்தது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அந்த இடம் சுருங்கியது. 1983 ஜூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகளை இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. பேர் மட்டும் பட்டியலில் இருக்கு, படம் இல்லை.

டெக்கும் டிவியும்

ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது நிறைய லயங்களில் கரண்ட் கிடையாது. நம்ம அப்பா அம்மா தலைமுறையைக் கேட்டால் 'டெக் எடுத்துப் படம் பார்த்த' கதை சொல்வார்கள். திருவிழாவுக்கோ சடங்கு வீட்டுக்கோ டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று நான்கு படம் பார்ப்பார்கள். எல்லாம் தமிழ்நாட்டுப் படம். சிவாஜி, எம்.ஜி.ஆர், ரஜினி எல்லாரும் லயத்துக்குள்ளே வந்தார்கள். லயம் மட்டும் எந்தப் படத்துக்குள்ளேயும் போகவில்லை.

1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று தமிழ்ச் சேனல்கள் வந்தன. அங்கேயும் நம்மைப் பெரும்பாலும் செய்தியில்தான் பார்த்தோம். சம்பளப் போராட்டம் நடந்தால் வருவோம், 2014இல் மீரியபெத்தையில் நடந்த மாதிரி மண்சரிவு வந்தால் வருவோம். சிரிக்கிற, காதலிக்கிற, சண்டை போடுகிற மலையகக் குடும்பம் ஒன்றை நாடகத்தில் பார்ப்பது அபூர்வம். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுமதி சிவமோகன் எடுத்த 'இங்கிருந்து' (2013) மாதிரிப் படங்கள் விதிவிலக்கு. அவை தோட்டத்துத் திரைக்கு எத்தனை தரம் வந்தன என்பது வேறு கேள்வி.

கைக்கு வந்த திரை

அதற்குப் பிறகுதான் ஸ்மார்ட் போன். முந்தி ஒரு படம் நம்மிடம் வர தயாரிப்பாளர், தணிக்கை, திரைப்படக் கூட்டுத்தாபனம், தியேட்டர் என்று நாலைந்து கதவைத் தாண்ட வேண்டும். இப்போது டேட்டா இருந்தால் போதும். ஹட்டனில் ஒரு பையன் ரூமுக்குள்ளே ராப் பாடி யூடியூபில் போடலாம். மாசி மாதத்துக் காமன்கூத்தை லைவ் போடலாம். கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய சொந்தக்காரர்கள் அதை அங்கிருந்தே பார்க்கலாம். 1964இல் பேனாவால் பிரிக்கப்பட்ட குடும்பங்களை ஒரு சின்ன ஸ்கிரீன் சேர்த்து வைக்குது. இது சின்ன விஷயம் இல்லை.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. விடிய விடிய ஆடும் கூத்து முப்பது செக்கன் ரீல்ஸாகிறது. கதை போய், தப்படியின் உச்சம் மட்டும் மிஞ்சுது. எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் வருகிறவர்களின் வீடியோக்களில் பனி இருக்கு, பச்சை இருக்கு, கூடையோடு ஒரு அக்கா இருக்கார். அந்த அக்காவின் பேர் இல்லை.

வள்ளியம்மாள் பேத்தி பேரன்மார்

இந்தப் பேர் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று காட்டியது 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச் மாதம் மாஜா தளத்தின் யூடியூப் சேனலில் வந்தது. தீயும் அறிவும் பாடினார்கள், தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். சினிமாவில் இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டு 40 கோடிக்கும் மேற்பட்ட தரம் பார்க்கப்பட்டது. அந்தப் பாட்டின் வேர் எங்கே? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியா திரும்பியவர். அவர் சொன்ன கதைகளும் ஒப்பாரியும்தான் பாட்டின் அடித்தளம் என்று அறிவு சொல்லியிருக்கிறார். அதாவது உலகம் முழுக்க ஆடிய அந்தப் பாட்டுக்குள்ளே நம்ம லயமும் இருக்கு.

அதே ஆண்டு ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையிலும் அவர் இல்லாமலேயே பாட்டு ஒலித்தது. பாட்டுக்குத் தான் கொடுத்த உழைப்பை அறிவு எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் அவருடைய பங்கைத் தாங்கள் மறைக்கவில்லை என்று விளக்கம் கொடுத்தார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்கள் மூவருக்குமே வருமானம் வரவில்லை என்றார்.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் கோடிக்கணக்கான பார்வை, கணக்குப் புத்தகம் வேறொருவர் கையில் என்ற இந்த அமைப்பு தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதுசு இல்லையே. கொழுந்தை நிறுக்கும் தராசு யார் கையில் என்பதுதானே எப்போதும் நம்ம கேள்வி.

நாட்டார் பாட்டுக்கு ஒரே உரிமையாளர் கிடையாது. தாலாட்டும் ஒப்பாரியும் ஊரே சேர்ந்து கட்டியவை. யூடியூபோ உரிமையாளர் யார் என்று ஒரு பேர் கேட்கும். முதலில் பதிவு செய்தவர் உரிமை கொண்டாடிவிடுவார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டிப் புத்தகமாக்கினார். அவர் செய்ததை இன்று ஒரு போனால் செய்யலாம்.

அதனால் கூத்தையோ பாட்டையோ அப்லோட் பண்ணும்போது நான்கு வரி எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருஷம், தப்படித்தவர் யார், பாட்டைச் சொல்லிக்கொடுத்த பாட்டி யார். அவர்களிடம் சம்மதம் கேட்டு, முழுப்பேரையும் எழுதுங்கள். முழுக் கூத்தின் பதிவை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள். சேனல் ஒரு நாள் மூடலாம், போன் உடையலாம். ஸ்டூடியோ எரிந்தால் என்ன ஆகும் என்று நமக்கு ஏற்கனவே தெரியும்.