ஹெரிக்குக்கு மாத்திரை கிடையாது

1954 டிசம்பர் 23. பாஸ்டன் நகரத்தில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனை. ரிச்சர்ட் ஹெரிக் என்கிற 23 வயசு இளைஞருக்கு, அவரோட இரட்டைச் சகோதரர் ரொனால்டின் சிறுநீரகத்தைப் பொருத்தினார் டாக்டர் ஜோசப் முர்ரே. வெற்றிகரமான முதல் கிட்னி மாற்று. இந்தக் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அதில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒண்ணு உண்டு. ரெண்டு பேரும் ஒரே கருவிலிருந்து பிரிஞ்சவங்க. அதனால ரிச்சர்டோட உடம்பு அந்தக் கிட்னியை அந்நியனா பார்க்கவே இல்லை. நிராகரிப்பைத் தடுக்க அவர் ஒரு மாத்திரைகூடப் போட்டுக்க வேண்டியிருக்கலை.

அவருக்குப் பின்னாடி வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1960களின் தொடக்கத்தில் அசதயோபிரின் வந்தது. 1963 வாக்கில் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் அதோட ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்து, ரத்த உறவு இல்லாதவங்க கிட்னியையும் நிலைக்க வெச்சார். அடுத்து சைக்ளோஸ்போரின். நார்வே மண்ணில் கிடைச்ச ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் 1983-ல் அனுமதி கிடைச்சது. மருத்துவ வரலாறுன்னு பார்த்தா எல்லாம் ஏறுமுகம்தான்.

இதையே ஒரு பதினஞ்சு வயசுப் பொண்ணோட கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க. ஸ்டீராய்டால முகம் பூரி மாதிரி உப்பும், பரு வரும், உயரம் நின்னு போகும். சைக்ளோஸ்போரினால முகத்திலும் கையிலும் முடி முளைக்கும், ஈறு தடிச்சுப் பல்லை மூடும். போதாக்குறைக்கு அந்தக் காலத்து சைக்ளோஸ்போரின் எண்ணெய் மாதிரி ஒரு திரவம். நாத்தம் தாங்காம பாலிலோ ஆரஞ்சு ஜூஸிலோ கலந்து குடிக்கணும். உயிரைக் காப்பாத்தின மருந்துதான், ஒத்துக்கறேன். ஆனா பள்ளிக்கூடத்துக்குப் போகணுமே?

விஷயத்தோட முடிச்சே இங்கதான் இருக்கு. மாத்திரையை நிறுத்தினா உடனே வலிக்காது. சொல்லப்போனா முதல்ல நல்லதுதான் நடக்கும். முகம் வடியும், முடி குறையும். உள்ளுக்குள்ள உடம்பு அந்தக் கிட்னிக்கு எதிரா ஆயுதம் தயாரிக்கறது வெளியில தெரியாது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி, அது டாக்டர் கண்ணில் படும்போது, பல சமயம் பாதி சேதம் முடிஞ்சிருக்கும். பரிசு உடனே, தண்டனை பல மாசம் கழிச்சு. எந்த வயசுக்காரன் இதில் தப்புக்கணக்கு போடமாட்டான்? மூணு நாள்ல ஜுரம் விட்டதும் மிச்ச ஆன்டிபயாட்டிக்கை டிராயர்ல போட்டவன் நான். எனக்குப் பேச யோக்கியதை இல்லை :-)

1978-ல் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த பார்பரா கோர்ஷ் குழுவினர், மாற்று சிறுநீரகம் பெற்றுத் தாங்களாவே மருந்தை நிறுத்தின பிள்ளைகளைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. பெரும்பாலும் பதின்வயசுக்காரங்க. பலர் கிட்னியை இழந்தாங்க. அன்னைக்கு இதுக்கு வெச்சிருந்த பெயரைத் தமிழ்ல சொன்னா 'கீழ்ப்படியாமை'. அந்த வார்த்தை எனக்கு உறுத்துது. ஏதோ ஹோம்வொர்க் பண்ணாத பையன் மாதிரி. பின்னாடி வார்த்தை மாறிச்சு; 2003-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, நோயாளியும் சேர்ந்து ஒத்துக்கிட்ட சிகிச்சையைக் கடைப்பிடிக்கறதுன்னுதான் பேசிச்சு.

மருந்தும் மாறிச்சு. 1990களில் வந்த டாக்ரோலிமஸ் முடியை முளைக்க வைக்கறதில்லை (கை நடுங்கும், சிலருக்கு சர்க்கரை வரும், அது வேற). ஆனாலும் 17லிருந்து 24 வயசு வரைதான் கிட்னி பறிபோகிற ஆபத்து அதிகம்னு அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் காட்டின. அப்போ கண்ணாடி மட்டுமே காரணம் இல்லை. அம்மா கையில் இருந்த மாத்திரை டப்பா பிள்ளை கைக்கு மாறுது, குழந்தைகள் டாக்டர் போய்ப் பெரியவங்க டாக்டர் வர்றார், படிப்பு, வேலை, புது ஊர். அமெரிக்காவில் பணமும் ஒரு காரணம். பலருக்கு அரசுக் காப்பீடு மாற்று சிகிச்சை முடிஞ்ச 36 மாசத்தோட நின்னுடும். 2020-ல் போட்ட சட்டம் வந்துதான் 2023 ஜனவரியிலிருந்து, வேற காப்பீடு இல்லாதவங்களுக்கு இந்த மருந்துச் செலவு தொடர்ந்து கிடைக்க வழி பண்ணிச்சு.

நம்ம ஜாதிக்காரங்க, அதாவது எலக்ட்ரானிக்ஸ் ஆசாமிகள், சும்மா இருப்பாங்களா? திறக்கிற நேரத்தைப் பதிவு பண்ற டப்பா செஞ்சாங்க. 11லிருந்து 24 வயசு வரை உள்ளவங்ககிட்ட அதோட ஆலோசனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. மருந்து எடுத்துக்கறது கூடிச்சு, உண்மைதான். ஆனா டப்பா திறந்ததுன்னு லாக் சொல்லும், முழுங்கினாங்களான்னு சொல்லாது.

எனக்குப் பிடிச்ச கதை ஆக்ஸ்ஃபோர்டுல நடந்தது. 2000-2006 காலத்தில் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவங்க பிரிவுக்கு நேரா மாத்தப்பட்ட மாற்று சிறுநீரகக்காரங்க 9 பேர். அதில் 6 பேர் கிட்னியை இழந்தாங்க. 2006-ல் ரெண்டு பக்க டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ற தனி கிளினிக் ஆரம்பிச்சாங்க. அப்புறம் அதை ஆஸ்பத்திரியை விட்டே வெளியில கொண்டு போனாங்க. இளைஞர்களோட பேசவே ஒரு ஆளையும் போட்டாங்க. அதுக்கப்புறம் மாறின 12 பேரில், 2012-ல் கட்டுரை வந்த வரைக்கும், கிட்னியை இழந்தவங்க யாரும் இல்லை. சின்ன எண்ணிக்கைதான், தெரியும்.

அந்த கிளினிக் நடந்த இடம் ஒரு மாணவர் கல்லூரியும் விளையாட்டு மையமும். ஒருத்தரையொருத்தர் பார்த்து, "உனக்கும் முகம் இப்படி ஊதிச்சா?"ன்னு கேட்டுக்க முடியற இடம்.