கீழூரில் 178 பேர்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் ஓடியது. திண்டிவனத்திலிருந்து சாலையும் உண்டு. ஆனால் 1954 வரை நடுவில் ஒரு நாட்டு எல்லை! அதுவும் நேர்கோடு இல்லை. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று பிரெஞ்சுப் பகுதிகள் தென்னாற்காடு கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடந்தன (வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றும்). 1949-ல் சுங்க ஒப்பந்தம் முடிந்ததும் பக்கத்து ஊருக்குச் சாமான் கொண்டுபோவதே வெளிநாட்டு வியாபாரம் ஆகிவிட்டது.

புதுச்சேரி இந்திய யூனியனில் சேரலாமா? மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று 1948-ல் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. சந்தர்நாகூரில் 1949-ல் அப்படித்தான் நடந்தது. புதுச்சேரியில் நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டுப் போட்டவர்கள் சட்டசபை, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர் மட்டுமே. ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான்.

எல்லோரும் ஓட்டுப் போட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று சொல்லலாம். அதற்காகக் கேட்காமல் விட்டது சரியாகிவிடுமா? இனி அந்தஸ்தை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்று 1954 ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். 1979-ல் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது புதுச்சேரி மக்கள் தெருவில் இறங்கினார்கள். பேச்சு கைவிடப்பட்டது. எல்லைக்கோடு இன்றும் வயல்களுக்கு நடுவேதான் போகிறது.