எடை குறைக்கத் திரவ உணவு: மருத்துவம் சொல்வதும் மார்க்கம் சொல்வதும்

மூன்று மாதம் சோறு, ரொட்டி எதுவும் இல்லாமல் வெறும் பானம் மட்டும் குடித்து உடம்பைக் குறைக்கலாமா? அப்படிச் செய்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்களே, உண்மையா? மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டா? நாட்டரசன்கோட்டை, சிவகங்கை, இளையான்குடி, காரைக்குடி என்று நம் பகுதியில் எங்கு போனாலும் இந்தக் கேள்விகள் இப்போது வருகின்றன. சபுரிலிருந்து வரும் பெட்டியில் பேரீச்சம்பழத்தோடு எடை குறைக்கும் மாவு டப்பாவும் வருகிறது. நிக்காஹ் நாள் குறித்த வீட்டில் பெண்பிள்ளைக்கு யாரோ ஒருவர் அந்த டப்பாவைச் சிபாரிசு செய்கிறார். எனவே இதை மருத்துவப் பக்கமும் மார்க்கப் பக்கமும் வைத்து நாம் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில், மருத்துவர்கள் சொல்லும் திரவ உணவு என்பது ஜூஸ் குடிப்பது அல்ல. கஞ்சி குடிப்பதும் அல்ல. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையான புரதம், வைட்டமின், தாது உப்புகள் அனைத்தையும் அளந்து சேர்த்த மாவை நீரில் அல்லது பாலில் கரைத்து, மூன்று அல்லது நான்கு வேளை குடிப்பது. மொத்தம் ஏறக்குறைய 800 முதல் 900 கலோரி. வலீமா விருந்தில் ஒருவர் ஒரே அமர்வில் சாப்பிடும் பிரியாணியும் இனிப்புமே இந்த அளவைத் தாண்டிவிடும். இதைப் பொதுவாக 12 வாரம் கடைப்பிடிக்கச் சொல்வார்கள். பிறகு வழக்கமான உணவைப் படிப்படியாகத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்த 'டைரக்ட்' என்ற ஆய்வின் முடிவு 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்த, இன்சுலின் போடாத, உடல் பருமனான சுமார் 300 பேர் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு 825 முதல் 853 கலோரி திரவ உணவு. ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை அளவு நோய் வரம்புக்குக் கீழே வந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 4 சதவீதம்தான். 15 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு இந்தப் பலன் கிடைத்தது. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்திருக்கும் கொழுப்பு கரைவதால் கணையம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது என்பதே இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அதில் இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது கத்தாரில் நடந்த ஆய்வு. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பின்னணி கொண்ட, 18 முதல் 50 வயதுக்குட்பட்ட, சர்க்கரை வந்து மூன்று ஆண்டுகளுக்குள் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு 12 வாரம் திரவ உணவும், பிறகு உடற்பயிற்சியோடு கூடிய கண்காணிப்பும் தந்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. ஓராண்டில் சராசரியாக 12 கிலோ குறைந்தது. 61 சதவீதம் பேர் சர்க்கரை வரம்பிலிருந்து வெளியே வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மறுபக்கத்தில் 12 சதவீதம்.

இந்த எண்களைத்தான் மாவு விற்பவர்கள் சொல்வார்கள். சொல்லாமல் விடும் எண் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து ஆய்வில் இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. ஐந்தாண்டு வரை தொடர் ஆதரவு பெற்றவர்களில் கடைசியில் 13 சதவீதம் பேர்தான் நோயில்லா நிலையில் நீடித்தார்கள். இது தோல்வி என்று நாம் சொல்லவில்லை. ஐந்தாண்டுக்குப் பிறகும் அவர்கள் சராசரியாக ஆறு கிலோ குறைவாகவே இருந்தார்கள், மாத்திரையின் தேவையும் குறைந்தது. ஆனால் 'மூன்று மாதத்தில் சர்க்கரை போய்விடும், பிறகு கவலை இல்லை' என்பது பொய்.

நம் நாட்டு நிலைமையையும் மறக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை என்றது, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். வெள்ளையர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு இந்த நோய் வந்துவிடுகிறது. அதனால்தான் பிரிட்டன் அரசு மருத்துவத்துறை இதே திரவ உணவுத் திட்டத்தை இலவசமாக நடத்தும்போது வெள்ளையர்களுக்குப் பி.எம்.ஐ. 27 என்றும் ஆசியர்களுக்கு 25 என்றும் வரம்பு வைத்திருக்கிறது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 25 என்பது 64 கிலோ. கல்யாண உடை கச்சிதமாக இருக்க வேண்டும் என்பதற்காக 57 கிலோ பெண்பிள்ளை இதில் இறங்குவதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

கண்காணிப்பு என்றால் என்ன?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஸ்காட்லாந்து ஆய்வில் திரவ உணவு தொடங்கிய முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவக் குழுவே நிறுத்தியது. அளவு ஏறினால் மீண்டும் கொடுத்தது. ஏன் நிறுத்தினார்கள்? நம்மில் பலர் சாப்பிடும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், சோறு சாப்பிடும் உடம்புக்கு அளந்து கொடுக்கப்பட்டவை. சோற்றை நிறுத்திவிட்டு அதே மாத்திரையைப் போட்டால் இரவில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, வியர்த்து, நினைவு தப்பும். இன்சுலின் போடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரத்த அழுத்த மாத்திரையோ, ஸஜ்தாவிலிருந்து எழும்போது கண் இருட்டிக் கீழே விழ வைக்கும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளை இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். இவற்றைப் போட்டுக்கொண்டு திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இது நடக்கலாம் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். அது அடுத்த தவறு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலிலேயே மாத்திரை கிடைப்பது பெரிய உதவி. அதே சமயம் மாதக்கணக்கில் மருத்துவர் முகத்தைப் பார்க்காமலேயே மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் மாவு டப்பாவைத் திறப்பதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதுதான் கண்காணிப்பின் முதல் படி. சிறுநீரகம், கல்லீரல், யூரிக் அமிலம், மூன்று மாதச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் வரலாம், மூட்டில் யூரிக் அமில வலி வரலாம், முடி கொட்டலாம், மலச்சிக்கல் சர்வ சாதாரணம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் உண்டு. தொழுகை, நோன்பு, இத்தா என்று எத்தனையோ சட்டங்கள் அந்தக் கணக்கில் நிற்பதால் இதைச் சிறு விஷயமாக எண்ணக் கூடாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் ஆகியோருக்கு இது இல்லை.

கண்காணிப்பில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் 'திரவப் புரதம்' என்ற பானம் அங்கே மிகப் பிரபலமானது. மாட்டின் தோல், தசைநார் போன்ற அறுப்புக்கூடக் கழிவுகளைக் கரைத்து எடுத்த புரதம் அது. உடம்புக்கு வேண்டிய சத்துகள் அதில் முழுமையாக இல்லை. அதை மட்டுமே குடித்து வந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுக்குத் தகவல் வந்தது. பலருக்கு இதயத் துடிப்பு தடுமாறியதே காரணம். நம் பக்கத்தில் 2025 ஜூலையில், குமரி மாவட்டத்தில் 17 வயது மாணவர் ஒருவர் யூடியூப் பார்த்து மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்து வந்த நிலையில் மூச்சுத் திணறி இறந்ததாகச் செய்தி வந்தது. பெற்றோரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

'நம்ம நோன்புக் கஞ்சியையே மூன்று வேளையும் குடிக்கலாமே' என்றும் சிலர் கேட்கிறார்கள். நோன்புக் கஞ்சி பரக்கத்தான உணவுதான். ஆனால் அது பெரும்பாலும் அரிசி. கொஞ்சம் பாசிப்பருப்பும் கறியும் இருந்தாலும் 12 வாரத்துக்குத் தேவையான புரதத்துக்கும் தாது உப்புக்கும் அது போதாது.

மார்க்கத்தின் நிலை

உடல் பருமனுக்கும் சர்க்கரைக்கும் மருத்துவம் செய்துகொள்வது ஆகுமானது. நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னார்கள் என்பது அறியப்பட்ட செய்தி. வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு, உணவுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என்று விடச் சொன்ன ஹதீஸ் திர்மிதீயில் இருக்கிறது. குறைவாக உண்பது நமக்குப் புதிதல்ல. அதே சமயம் இஃப்தாரும் சஹரும் இல்லாமல் நோன்போடு நோன்பைச் சேர்க்கும் 'விஸால்' நோன்பை நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். உடம்புக்கு உன் மீது உரிமை உண்டு என்ற கருத்து புகாரீயில் பதிவாகியிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, அளவோடு, தீங்கு வராமல் செய்யும் வரை இது ஆகும்; தீங்கு வரும் என்று மருத்துவர் சொன்ன பிறகும் பிடிவாதமாகச் செய்வது ஆகாது என்பதே நம் கருத்து.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற ஹதீஸை அபூதாவூதில் காணலாம். மாவு விற்றுக் கமிஷன் வாங்கும் நம் சகோதர சகோதரிகள் இதை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். 'மாத்திரையை விட்டுடுங்கக்கா, இதே போதும்' என்று வாட்ஸ்அப்பில் சொல்பவர் வியாபாரத்தைத் தாண்டி மருத்துவத்துக்குள் நுழைந்துவிடுகிறார்.

ஹலால் விஷயம்: பெரும்பாலான மாவுகள் பாலிலிருந்தோ சோயாவிலிருந்தோ வருபவை. கொலாஜன், ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். இந்தியத் தயாரிப்பில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கின் உடலிலிருந்து எடுத்த பொருள் இல்லை என்று அறியலாம். வெளிநாட்டு டப்பாவில் அந்தப் புள்ளி இருக்காது. ஹலால் முத்திரையைப் பாருங்கள்.

ரமளானில் செய்யலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. எடை குறைப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால், அதற்காக ஃபர்ளான நோன்பை விட அனுமதி இல்லை. நோன்பு வைத்துக்கொண்டு இரவில் மட்டும் 800 கலோரி பானம் குடிப்பதோ, நீர்ச்சத்து குறைந்து தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். ரமளானுக்கு முன் 12 வாரமும், உணவைத் திருப்பும் சில வாரங்களும் முடியும்படி தொடங்குங்கள்; இல்லையெனில் பெருநாளுக்குப் பிறகு தொடங்குங்கள். நோயின் காரணமாக நம்பத்தகுந்த மருத்துவர் நோன்பு வேண்டாம் என்றால் அது வேறு. அப்போதும் குணமாகும் நம்பிக்கை இருப்பவருக்குக் களாதான் கடமை, ஃபித்யா கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது.

நாட்டரசன்கோட்டையில் இருப்பவருக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சில கிலோமீட்டர்தான். பரிசோதனைகளை அங்கே செய்துகொண்டு, இந்த முறை தமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வர முடியாது என்றால், வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லை என்றால், இதில் இறங்காமல் சோற்றைப் பாதியாக்கி, தினமும் நடந்து, மெதுவாகக் குறைப்பதையே நாம் சொல்வோம். பத்து ஆண்டாக இன்சுலின் போடும் பெரியவர்களுக்கும் அதுவே. மேலே சொன்ன ஆய்வுகள் அவர்களைப் பற்றியவை அல்ல.

12 வாரம் முடிந்ததும் அன்றிரவே நெய்ச்சோறும் தாளிச்சாவும் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்தில் உணவைத் திருப்ப இரண்டு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள்: முதலில் ஒரு வேளை மட்டும் உணவு, மற்றவை பானம், பிறகு இரண்டு வேளை. எடை மீண்டும் ஏறினால் சில வாரம் பானத்துக்குத் திரும்பினார்கள். நம் ஊரில் இந்தக் கட்டத்தில்தான் கல்யாண அழைப்புகள் வரிசையாக வரும். வலீமா அழைப்பை ஏற்றுப் போவதுதான் வலியுறுத்தப்பட்டது. அங்கே உண்பது கட்டாயம் இல்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலை. போய், மணமக்களுக்காக துஆ செய்துவிட்டு, 'உடம்புக்கு மருந்து சாப்பிடுறேன் மாமா, இன்னைக்கு வேணாம்' என்று சொல்லிவிட்டு வரலாம். வீட்டுக்காரர்களும் இலையைப் போட்டுக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.