பாட்டுப் புத்தகமும் பழைய ஸ்டில் படங்களும்

கம்பம், சின்னமனூர், போடி, தேனி என்று நம் பள்ளத்தாக்கில் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் ஒன்று இருந்தது. என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மட்டமான தாள், மங்கலான அச்சு. முதலில் நடிகர் நடிகையர் பட்டியல், அடுத்து கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். கதை முக்கியமான கட்டத்துக்கு வந்ததும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள்.

மீதியைக் காண இன்று பல படங்களுக்குத் திரையே இல்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 31.10.1931 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. அதற்கு முன்பே ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப் படமும் போய்விட்டது. 1933ல் நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் பிழைத்தது. அதுவும் ஒரு வழக்கின் புண்ணியத்தால்தான். நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் கோர்ட்டுக்குப் போனதால் படம் ஓடவில்லை. சுருள் பதிப்பகத்தாரிடம் போய்ச் சேர்ந்து, அங்கேயே தூங்கியது.

அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். நம் ஊர் வெக்கையில் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். அதில் வெள்ளி இருந்ததால், ஓடி முடிந்த படங்களை உருக்கவும் செய்தார்கள். பழைய படங்களைக் காப்பாற்றப் பூனாவில் அரசு ஆவணக்காப்பகம் ஏற்பட்டதே 1964ல்தான். அதற்குள் எத்தனையோ படங்கள் அழிந்தன. மிஞ்சியது காகிதம்: பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில், ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ போன்ற பத்திரிகைகள்.

அந்தக் காகிதத்தைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் தனி மனிதர்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. 1994ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆக்கினார்கள்.

இன்னொருவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். 1958ல் ‘நாடோடி மன்னன்’ ஸ்டில்களைப் பத்திரிகை ஆபீஸ்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆனவர். ஸ்டில்லைச் சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. எந்தப் படம், எந்தத் தேதியில் வெளியானது, யார் நடித்தார்கள் என்று எழுதியும் வைத்தார். அந்தக் குறிப்புகள்தான் 2004ல் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ என்ற பெரிய நூலாக வந்தன. அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசும் வாங்கிக்கொண்டது. 2016ல் அவர் காலமானார்.

இந்த எழுதி வைக்கும் பழக்கத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஹாலிவுட் கம்பெனிகள் ஸ்டில்லின் பின்பக்கத்தில் நடிகர் பெயரும் படத்தின் பெயரும் அடித்த துண்டுத்தாளை ஒட்டி அனுப்பும் வழக்கம் உண்டு. அதனால் எண்பது தொண்ணூறு வருடம் கழித்தும் அது யார், எந்தப் படம் என்று தெரிகிறது. நம் வீட்டுப் படங்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிக் கணக்கே உண்டு. 1962ல் தேனித் தொகுதியில் ஜெயித்தவர் எஸ்.எஸ். ராஜேந்திரன். தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போன முதல் நடிகர் என்று அவரைச் சொல்வார்கள். 1980ல் ஆண்டிபட்டியிலும் அவரே வென்றார். 1984ல் எம்.ஜி.ஆர். ப்ரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் ஜனங்கள் பார்த்தது ஆளை அல்ல, அவருடைய படத்தைத்தான்.

எஸ்.எஸ்.ஆரோடு நின்று எடுத்த ஒரு குரூப் போட்டோ உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். நடுவில் நிற்கிற நடிகரை எல்லாருக்கும் தெரியும். ஓரத்தில் கைகட்டி நிற்கிற மாமாவும் பெரியப்பாவும் யார் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குப் பின் அது தெரியாத முகங்கள் உள்ள ஒரு அட்டை. பேரப்பிள்ளைகள் அதைப் பழைய பேப்பரோடு போட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பின்பக்க ஓரத்தில் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், நாளடைவில் பழுப்புக் கறையாகிவிடும். லேமினேஷனும் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பாட்டுப் புத்தகம் அட்டை கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் படத்துக்கு மிச்சம் அது ஒன்றுதானோ என்னவோ.