இசைத்தட்டு ஊசியின் வரலாறு

இசைத்தட்டைப் பற்றிப் பேசுவோர் பாடியவரைப் புகழ்வர்; ஒலிபெருக்கியைப் புகழ்வர். தட்டின்மீது நின்று உழைக்கும் சின்னஞ்சிறு ஊசியை நினைப்பவர் அரியர். ஆயினும் தட்டில் உறங்கும் குரலை எழுப்புவது அவ்வூசியே. முனை தேய்ந்துவிடின் அக்குரலை மீளாதபடி அழிப்பதும் அவ்வூசியே. பரணில் கிடந்த பழைய தட்டுகளை இறக்கி, மீண்டும் ஒலிக்கச் செய்யும் ஆர்வம் நம் காலனிக் குடும்பங்களில் இந்நாளில் காணப்படுகிறது. ஆதலின் ஊசியின் வரலாற்றையும், அதனைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு உறுப்பின் வரலாற்றையும் இவ்வாண்டு மலரில் சுருங்கக் கூற விழைகிறோம்.

1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையின்மீது ஊசியை ஓடவிட்டு மனிதக் குரலைப் பதித்தார். அவ்வூசி மேலும் கீழுமாக அசைந்தது. 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்ற எமில் பெர்லினர் ஊசியைப் பக்கவாட்டில் அசையச் செய்தார். உருளையை விடுத்து வட்டத் தட்டைக் கைக்கொண்டார். ஓர் அச்சிலிருந்து பல தட்டுகளை எடுக்க வழி பிறந்தது. கிராமபோன் உலகெங்கும் பரவியதற்கு இதுவே காரணம்.

இவ்வரலாற்றில் நாம் வாழும் கொல்கத்தா நகருக்குச் சிறப்பிடம் உண்டு. 1902இல் பிரெட் கெய்ஸ்பர்க் இங்கு வந்து கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். அந்நாளில் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று தட்டுகளாகத் திரும்பி வந்தன. 1908இல் சியால்டாவில் தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. பின்னர் அப்பணி டம்டம்முக்குப் பெயர்ந்தது. சென்னையில் பாடப்பெற்ற தமிழ்ப் பாட்டுகள் பல, டம்டம்மில் தட்டாகித் தமிழகம் மீண்டன. தட்டுக்கு உயிர்ப்பொருளான அரக்கோ சோட்டா நாகபுரிக் காடுகளில் விளைந்து, கொல்கத்தாத் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்றது.

அரக்குடன் கல்மாவும் கலந்து செய்த அத்தட்டு கடினமானது. தன் சாலில் ஓடிய எஃகு ஊசியைத் தேய்த்துத் தனக்கேற்ற வடிவினதாக்கிக் கொண்டது. எனவே ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பதே விதி. நிமிடத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசை. ஊசியின்மேல் நின்ற பாரமோ 100 கிராமுக்கும் மேல்! சிக்கனம் கருதி ஒரே ஊசியை நாள்கணக்கில் ஓட்டிய வீடுகளில் கருந்தட்டுகள் வெளிறின. பாட்டினும் இரைச்சலே மிகுந்தது.

1925இல் மின்வழிப் பதிவு வந்தது. ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் தொடர்ந்து பரவியது. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்று ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இலேயே கண்டிருந்தனர். அவ்வுண்மையைக் கொண்டு ரோஷல் உப்பின் படிகத்தால் கார்ட்ரிட்ஜ் செய்தனர். விலை குறைவு, ஒலியும் உரக்கக் கிட்டியது. ஆனால் வெப்பமும் ஈரமும் அப்படிகத்துக்குப் பகை. வங்கத்து மழைக்காலப் புழுக்கத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? பேரியம் டைட்டனேட் முதலிய பீங்கான் வகைப் பொருள்களால் ஆன செராமிக் கார்ட்ரிட்ஜ் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று; அரக்குக்குப் பதில் மென்மையான வினைல்; ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் இசை. பழைய ஊசி முனையின் ஆரம் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு. புதிய சாலுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கே பொருந்தும். எஃகுக்கு அங்கு இடமில்லை. நீலக்கல் ஊசி சில பத்து மணி நேரம் செம்மையாக உழைத்தது. வைர ஊசியோ பல நூறு மணி நேரம் உழைத்தது.

அடுத்து வந்தது ஸ்டீரியோ. ஒரே சாலின் இரு சுவர்களில் இரு ஒலிகளைப் பதிக்கும் முறைக்கு இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் 1931இல் காப்புரிமை கோரினார். 1958ஆம் ஆண்டையொட்டியே அத்தகைய தட்டுகள் கடைகளுக்கு வந்தன. எடிசனின் மேல்கீழ் அசைவும் பெர்லினரின் பக்க அசைவும் இவ்வூசியில் ஒன்று கூடின எனலாம். 1958இல் ஷூர் நிறுவனம் காந்தம் அசையும் எம்3டி கார்ட்ரிட்ஜை வெளியிட்டது. 1959இல் டென்மார்க்கின் ஆர்டோபான் நிறுவனம் கம்பிச்சுருள் அசையும் எஸ்.பி.யு. கார்ட்ரிட்ஜைத் தந்தது. நூறு கிராமில் தொடங்கிய பாரம் சில கிராமாயிற்று. பின்னாளில் இரண்டு கிராமுக்கும் கீழே இறங்கியது. ஆழ உழுதல் நிலத்துக்கு நன்று. இசைத்தட்டுக்கோ மேலாக உழுவதே நன்று.

நம் வீடுகளின் ரேடியோகிராம்களிலும் கைப்பெட்டிப் பிளேயர்களிலும் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜே இருந்தது. ஐந்து கிராமோ அதற்கு மேலோ தட்டின்மீது அழுத்தியது. 1963இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டு வெளிவந்தது. அதன் ஒரு பக்கம் இருபது நிமிடம் எனக் கொண்டு, விடியல்தோறும் ஒருமுறை சுழலவிட்டால், ஓராண்டில் 120 மணி நேரத்துக்கு மேலாகும். ஆண்டு முடியுமுன்னரே நீலக்கல் ஊசி தேய்ந்திருக்கும். தேய்ந்த முனை உளியாகிச் சாலைச் செதுக்கும். பக்தியோடு கேட்ட தட்டே முதலில் பாழாயிற்று!

1982இல் குறுந்தட்டு வந்ததும் இசைத்தட்டின் காலம் முடிந்தது என்றனர். ஷூர் நிறுவனமும் 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. எனினும் வினைல் மீண்டும் எழுந்தது. 2020இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகளின் விற்பனை வருவாய் குறுந்தட்டுகளினதை விஞ்சியது. ஆர்டோபான் முதலியோரின் கார்ட்ரிட்ஜ்கள் இன்றும் கிடைக்கின்றன.

ஆகவே வீட்டுப் பிளேயரில் கார்ட்ரிட்ஜை மாற்ற எண்ணுவோர் சிலவற்றை மனத்திற் கொள்க. செராமிக் கார்ட்ரிட்ஜ் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட்டே. அதனை உயர்த்தி, ஒலியைச் சமன்செய்யும் போனோ பிரீ ஆம்பிளிபயர் இன்றியமையாதது. பழைய ரேடியோகிராமின் கனத்த கைக்கு மென்மையான கார்ட்ரிட்ஜ் பொருந்தாது. பாரத்தைச் சிறு தராசில் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். 78 சுற்றுத் தட்டுக்கு அதற்குரிய பருமுனை ஊசி வேண்டும், எல்.பி. ஊசி அச்சாலின் அடியில் தடுமாறும். பருமுனை ஊசியை எல்.பி. தட்டில் வைத்தலோ பெருந்தீங்கு.

இத்துணை கவலை ஏன் என்று சிலர் கேட்கலாம். புகழ்பெற்ற பாட்டுகள் எத்தனையோ முறை மறுபதிப்புக் கண்டன. ஆனால் நம் பெரியோர் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொணர்ந்த நாடகப் பாட்டுகளும் நாகசுர இசையும் அடங்கிய தட்டுகளுள் மறுபதிப்புக் காணாதவை பல. அத்தகைய தட்டின் ஒரு படி நம் வீட்டில் இருந்து, அதுவும் தேய்ந்துபோனால், அக்குரலை எந்தக் கடையில் வாங்குவோம்? ஊசியை மாற்றுவது சிறு செலவு. சாலில் உள்ள குரலுக்கு ஈடு இல்லை. ஊசியின் முனையைச் சோதித்த பின்னரே தட்டின்மீது வைப்போமாக.