ஏரி வாரியம் பிறந்த கதை

தென்னேரிக் கரையில் நின்றால் கடல்போல் தண்ணீர். திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்பார்கள். பெரும்பாணாற்றுப்படையின் நாயகன் தொண்டைமான் இளந்திரையன் பெயரை இந்த ஊர் இன்னும் சுமக்கிறது.

தொண்டை நாட்டுக்குக் காவிரி கிடையாது. பாலாறு வருஷத்தில் சில நாள்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைத் தேக்கினால்தான் தை மாதம் நெல். அதனால் கரை போட்டார்கள். கரையை ஒருமுறை போட்டுவிடலாம். வண்டல் வருஷா வருஷம் வரும், மதகு தூர்ந்துபோகும், கலங்கல் அரிக்கும். அதை யார் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில், இதே தொண்டை நாட்டு உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர் 30 குடும்பாக, அதாவது வார்டாக, பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரல் மடங்கினால் சந்தேகம் வரும் அல்லவா! இப்படி ஏரியைப் பராமரிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பதவி. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடத்தில் ஏற முடியாது. அவ்வூர் வயிரமேக தடாகத்தில் வண்டல் எடுக்கத் தனியாக அறக்கட்டளையும் இருந்தது.

நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்த வாரியம் திறந்திருந்தது. மண் சுமந்தவர்கள் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. இதையும் மறக்காமல்தான் அந்தச் சுவரைப் படிக்க வேண்டும்.

2015-இல் ஐ.நா. தன் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பண்பாட்டு, இயற்கை மரபுகளைக் காப்பதையும் சேர்த்தது. கோயிலை ஒரு துறையும் ஏரியை வேறொரு துறையும் பார்க்கிற நமக்கு இரண்டையும் சேர்த்துக் காப்பது புதிதாகத் தோன்றலாம். உத்திரமேரூரில் கோயில் சுவரே ஏரியின் கணக்கேடு. 2017 மார்ச்சில் தமிழக அரசு, ஊராரே சேர்ந்து ஏரியைச் சீர்செய்யும் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியதும் இந்தப் பக்கத்து மணிமங்கலம் ஏரியில்தான். தூர்வாரியது நல்ல காரியம். ஆனால் கணக்குக் காட்டுகிற பழக்கமும் கூடவே திரும்ப வர வேண்டும் என்பது என் ஆசை.

சுவரில் இல்லாத அறிவும் உண்டு. எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாழிகை ஆகும் என்பதெல்லாம் ஏரிப் பாசன ஊர்களில் வயல்களுக்கு நீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குத்தான் தெரியும். கல்லில் எழுதாத பாடம் அது. அறுப்பு முடிந்ததும் களத்து மேட்டில் அவருக்கென்று நெல் அளப்பார்கள்.